மடங்கி நின்ற அலை

நெடுவாழித்துறையில் கடல் நின்றுபோன கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள்; அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்ததா இல்லையா, கரையில் யார் யார் நின்றார்கள் என்பதிலெல்லாம் இன்னும் சண்டை தீரவில்லை; ஆனால் பிலோமியின் வலது முழங்கால் மாட்டிக்கொண்ட அதே நொடியில்தான் அலையும் மாட்டிக்கொண்டது என்பதில் மட்டும் அந்த ஊரில் ரெண்டு பேச்சு கிடையாது.

பிலோமி கருவாடு விற்றுப் பிழைத்தவள். புருஷன் மஞ்சள்காமாலையில் போன பிறகு அவளுக்கென்று இருந்தது மகன் ரெமி ஒருத்தன்தான். ரெமிஜியுஸ் என்று ஞானஸ்நானப் பெயர், மீசை இன்னும் ஒழுங்காக முளைக்காத வயசு, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் கன்னம் குழியும். அவன் போன வள்ளம் மீன்பாடு முடிந்து திரும்பும்போது கரையடி அலையில் பக்கவாட்டாகத் திரும்பிக் கவிழ்ந்தது. கூட இருந்த ரெண்டு பேரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள், ரெமி மட்டும் ஏறவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். பிலோமி கூப்பிடவும் செய்தாள்.

கடல் கொண்டுபோன ஆளை மூன்றாம் நாளுக்குள் கடலே கொண்டுவந்து போட்டுவிடும் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. பிலோமி சோறு தண்ணி இல்லாமல் கரையிலேயே கிடந்தாள். மூன்றாம் நாளும் வெயில் ஏறிப் போயிற்று, பங்குச் சாமியார் வந்து, ஆளில்லாமலே பெட்டி வைத்துப் பூசை செய்து அடக்கம் பண்ணிவிடலாம் அம்மா, அப்படிச் செய்வது உண்டு என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் பிலோமி எழுந்து நேரே அலைவாயில் போய் முழங்காலிட்டாள்.

ஜெபம் பண்ண அல்ல. ஊர் பின்னால் என்னென்னவோ நினைத்துக்கொண்டதே, அதனால் இதை இப்போதே சொல்லிவிடுவோம். வயிறெரிந்த பொம்பளை ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றிவிட்டால் அந்தக் குடி விளங்காது என்று அங்கே எல்லாருக்கும் பயம் உண்டு; பங்காளியைத் தூற்றியிருக்கிறார்கள், வாக்குத் தவறியவனைத் தூற்றியிருக்கிறார்கள், ஆனால் கடலைப் பார்த்து மண் தூற்றியவள் அதுவரை ஒருத்தியும் இல்லை, சோறு போடுகிறவளை யார் தூற்றுவார்கள்? பிலோமி துணிந்துவிட்டாள். ஈர மண்ணில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, நாசமாப் போ என்று சொல்லி வீசுவதற்காக உடம்பைத் திருப்பி எழுந்தாள் பாருங்கள், அப்போதுதான் வலது முழங்காலுக்குள்ளே டொக்கென்று ஒரு சத்தம். எழவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை, சொல்ல வந்த வார்த்தை வலியில் உள்ளேயே போய்விட்டது. அவளுக்கு முன்னால் உருண்டு வந்த அலையும், மடங்கி விழப்போன அந்த நிலையிலேயே, முழங்கால் உயரத்துக்கு, கரை நெடுக அப்படியே நின்றுவிட்டது.

முதலில் யாரும் அலையைக் கவனிக்கவில்லை. வலைக்கூடத்திலிருந்த ஆட்கள் காது அடைத்துவிட்டதோ என்று தலையைத் தட்டிக்கொண்டார்கள். பிறகுதான் இரைச்சல் இல்லை என்பது உறைத்தது, வெளியே வந்து பார்த்தால் பிலோமி கடலைப் பார்த்து முழங்காலில் நிற்கிறாள், வலது கை மார்போடு மூடியிருக்கிறது, அவளுக்கு முன்னால் கடல் கட்டுப்பட்டு நிற்கிறது. "யேசுவே! எம்மா, பிலோமி கடலை நிறுத்திப்புட்டா" என்று கத்தியது பக்கத்து வீட்டுச் சலேத்தாள். அவ்வளவுதான், மூடிய கைக்குள்ளே செபமாலை இருக்கிறது என்று அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊரே முடிவு கட்டிவிட்டது. பெற்ற வயிற்றின் ஜெபம் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னபோது பெண்கள் எல்லாரும் அழுதார்கள். பிலோமி வாயைத் திறக்கவில்லை. கையையும் திறக்கவில்லை.

அதிசயத்துக்குப் பழக மனுஷனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்கிறீர்கள்? நின்ற அலையின் மேல் முதலில் காக்கை வந்து உட்கார்ந்தது, அப்புறம் பிள்ளைகள் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், அப்புறம் மீன் கழுவுகிற பெண்கள் ரொம்பக் குனியாமல் கழுவிக்கொள்ளத் தோதாக இருக்கிறது என்று அங்கேயே கூடையை இறக்கினார்கள். வள்ளம் போனால் அலை வழிவிட்டுப் பிளந்து, போனதும் மறுபடி கூடி நின்றது. சத்தமில்லாமல் தூங்கமுடியவில்லை என்று கைக்குழந்தைகள் அழுதன. யாரோ ஒருவன் பழைய அலைச்சத்தத்தை எங்கிருந்தோ செல்போனில் ஏற்றி வந்தான், வீட்டுக்கு வீடு அதைப் போட்டு வைத்துத் தூங்கினார்கள். கழிவை அள்ளிப் போக அலை இல்லாததால் கரை நாறத்தான் செய்தது, அதற்கென்ன, நாற்றத்தில் யார் செத்தார்கள்? வள்ளம் கவிழவில்லை, கயிறு அறவில்லை, எந்த வீட்டிலும் ஒப்பாரி இல்லை. கடற்கரை ஊரில் ஒப்பாரி இல்லாமல் ஒரு மழைக்காலம் போனதென்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று கடற்கரையில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக்கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டையும் இளவட்டங்கள் மெல்லக் கைவிட்டார்கள். கடல் குளம்போலக் கிடக்கும்போது எதற்குப் பயப்படுவது, பூசைக்கு அம்மா போவாள் என்று எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

முழங்காலிட்ட கால் நிமிர்ந்தால் அலையும் விழுந்துவிடும் என்று, பிலோமியின் காலைத்தான் ஊர் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தது. கரையில் பந்தல் போட்டு, மெத்தை விரித்து, மடங்கிய காலுக்கு அடியில் தலையணை வைத்து, அவள் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் நாற்காலியோடு நாலு பேர் தூக்கிப்போனார்கள். யாராவது தெரியாமல் அந்தக் காலில் இடித்துவிட்டால் ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார் பளாரென்று கன்னத்தில் வைத்துவிடுவார். பக்கத்து ஊர்க்காரர்கள் மெழுகுவர்த்தி கொண்டுவந்து ஏற்றினார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் முழங்காலில் தொட்டு எடுத்தார்கள். அவள் அத்தனை பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு, இடது கையால் சாப்பிட்டுக்கொண்டு, உள்ளுக்குள் வெந்து செத்தாள். ஏனென்றால் யாருக்கும் தோன்றாத ஒன்று அவளுக்கு முதல் நாளே தோன்றியிருந்தது. கடல் வாங்குவதை நிறுத்தியபோதே கொடுப்பதையும் நிறுத்திவிட்டது. முக்குளித்துத் தேடினார்கள், வலை இழுத்துத் தேடினார்கள், தெளிந்த தண்ணீரில் அடிமண் வரை தெரிந்தது; ரெமி மட்டும் கிடைக்கவில்லை. அலை அடித்தால்தான் அவன் வருவான்.

வீக்கம் கூடி வலி தாங்காமல் அவள் முனகியபோது, ஊர் பயந்து, வேனில் மெத்தை போட்டு, மேடு பள்ளத்தில் குலுங்காமல் மாட்டு வண்டி வேகத்தில் அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று. எலும்பு டாக்டரம்மா மெஹருன்னிசா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காலின் மேல் கையை வைக்கும் முன்பே பிலோமியிடம் தொடட்டுமா என்று கேட்டார். அந்தக் காலைத் தொட அவளிடம் உத்தரவு கேட்டது அந்த ஒரு ஆள்தான்.

"மூட்டுக்கு நடுவில மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கும்மா. அது கிழிஞ்சு, கிழிஞ்ச பாகம் மடிஞ்சு உள்ள சொருகிக்கிச்சு. கதவு இடுக்கில துணி மாட்டுனா கதவு சாத்தவும் மாட்டேங்கும், திறக்கவும் மாட்டேங்கும் இல்லையா, அதுதான். யாராவது பிடிச்சு இழுத்தாங்களா?"

"இழுக்கலை டாக்டர், ஒருத்தனைத் தொட விடுவோமா?" என்றார் கஸ்பார்.

"நல்லது. நீட்டணும்னு இழுக்க இழுக்க இன்னும் இறுகும், இன்னும் கிழியும். இது விடணும்னா முதல்ல இன்னும் கொஞ்சம் மடக்கணும். வலிக்கும். மடக்கி, உடம்பைத் தளர்த்திட்டு, பாதத்தை லேசா உள்ளேயும் வெளியேயும் திருப்பணும். இடம் கிடைச்சா சில சமயம் அதுவா விலகிரும். விலகலைன்னா சின்னதா துளை போட்டு உள்ளே கேமரா விட்டு எடுத்துடலாம், பயப்படவே வேண்டாம். விலகினாலும் கிழிசல் கிழிசல்தான், தைக்கலைன்னா திரும்பவும் மாட்டும்."

"டாக்டரம்மா, நாங்க வந்தது வலிக்கு மாத்திரை வாங்கத்தான். கால் இப்பிடியேதான் இருக்கணும், அது ஊர் முடிவு."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நோயாளி இவங்களா, ஊரா?" என்று கேட்டுவிட்டு, பிலோமியின் பக்கம் திரும்பி, "இப்படியே விட்டா தொடைச் சதை சூம்பிப் போயிரும்மா. மூட்டு இறுகிரும். அப்புறம் நானே நினைச்சாலும் நிமிராது, அதுக்கு முன்னாடி முடிவு பண்ணுங்க" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் பிலோமி தன் தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதிதான் இருந்தது. ரெமி எங்கோ நின்றுபோன தண்ணீருக்குள் காத்துக்கொண்டு கிடக்க, அவனுக்கு இருக்கிற ஒரே வழி தன் காலுக்குள் இறுகி அடைந்துகொண்டு வருகிறது என்று அவளுக்குப் பட்டது.

அடுத்த பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஊர் கலையும் முன் அவள் கேட்டாள். கேட்டது அதிகம் ஒன்றுமில்லை.

"எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை தாங்க. ஒரே ஒரு நாள் எல்லா வள்ளமும் கரையில கெடக்கட்டும். நான் காலை நீட்டிக்கிடுதேன். எம் புள்ள வந்துருவான். நான் அவனை மண்ணுல வச்சுக்கிடுதேன்."

 கஸ்பார், "நீட்டினா திங்கக்கிழமை கடல் எப்பிடி இருக்கும் பிலோமி?" என்று கேட்டார்.

"எப்பவும்போல இருக்கும்ணே."

"அதான் வேண்டாங்கோம். போனவன் போயிட்டான். இருக்கிறவனைப் பாக்கணும்லா?"

அவர் கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கும் கடலில் போன தம்பி உண்டு. பிலோமி சலேத்தாளைப் பார்த்தாள். ஒன்றாகக் கருவாடு காயவைத்தவள், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது ஒன்றாக மாங்காய் தின்றவள், அவள் மகன் டெனிஸ்டனும் ரெமியும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். இவளாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று பிலோமி நினைத்தாள்.

சொன்னாள். "ஏட்டி, உம் புள்ள வரணும்னு எம் புள்ளய அனுப்பச் சொல்லுதியோ? இந்த மூணு மாசந்தான்டி நான் கண்ணை மூடித் தூங்குதேன்." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். ஊரும் கலைந்தது. பிலோமியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பந்தலில் வைத்தார்கள், மரியாதையாகத்தான் வைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் டெனிஸ்டன் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தான். அவன் வள்ளத்துக்குள் அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். நெடுவாழித்துறையில் பெண்கள் வள்ளத்தை மெழுகுவார்கள், வலையைச் சுமப்பார்கள், மீனை ஏலம் விடுவார்கள், ஆனால் வள்ளத்துக்குள் கால் வைக்க மாட்டார்கள். பொம்பளை ஏறின வள்ளம் அன்றைக்குத் தண்ணீரில் இறங்காது, அது கல்லில் எழுதாத சட்டம்.

"எம்மா, கிறுக்கா பிடிச்சிருக்கு? இறங்கு."

"மாட்டேன்."

"இன்னைக்கு நல்ல பாடு இருக்கும்மா!"

"இருக்கட்டும்ய்யா." சலேத்தாளின் கண் வீங்கியிருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் தூங்கவில்லை. "அவளுக்கு ஒரு நாள் குடு எய்யா. ரெமி நம்ம வீட்டுக் கஞ்சியும் குடிச்சுருக்கான்."

அதைப் பார்த்த ஒருத்தி ஒன்றும் பேசாமல் போய்த் தன் புருஷன் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. ஞாயிற்றுக்கிழமைச் சேலையோடு, தலையில் முக்காட்டோடு, பூசைக்குப் போக வந்தவர்கள் எல்லாரும் வரிசையாகக் கிடந்த வள்ளங்களில் ஒவ்வொருவராக ஏறி, ஏறும்போதே அழுதுகொண்டு, தங்கள் வீட்டு ஆம்பிளையின் உயிரைத் தாங்களே எடுத்துக் கொடுப்பதுபோல அழுதுகொண்டு உட்கார்ந்தார்கள். கஸ்பார் ஓடிவந்து கத்தினார். அவர் வள்ளத்திலிருந்து அவர் பெண்டாட்டியே, "சத்தம் போடாதிய, பேசாம இருங்க" என்றாள். கடலில் ஒரு வள்ளமும் இல்லை.

பிலோமி கம்பை ஊன்றி, யாரும் தூக்காமல், ஒரு காலால் தத்தித் தத்தி அலை வரை போனாள். முன்பு முழங்காலிட்ட அதே இடத்தில் தண்ணீருக்குள் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் தூக்கத்திலும்கூட அவள் அந்தக் காலை உள்ளுக்குள்ளே நீட்ட முயன்றுகொண்டேதான் இருந்தாள், வா எய்யா வா எய்யா என்று ரெமியையும் கூடவே இழுத்துக்கொண்டிருந்தாள். இழுக்காதீங்க என்று டாக்டரம்மா சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. இடது கையால் கணுக்காலைப் பிடித்தாள். குதிகாலைத் தொடையின் பக்கமாக இன்னும் கொஞ்சம் மடக்கினாள். கண் இருட்டியது. "எய்யா, அம்மா உன்ன இழுக்கல. நீ போயிட்டய்யா. எனக்குத் தெரியுது, நீ போயிட்ட" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். ரெமி கவிழ்ந்த நாளிலிருந்து அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததேயில்லை. அழுகை பீறிட்டு வந்தபோது இறுகிக் கிடந்த உடம்பு முழுக்கத் தளர்ந்து போயிற்று, பாதத்தை உள்ளே திருப்பினாள், வெளியே திருப்பினாள், முழங்காலுக்குள்ளே எதுவோ வழுக்கி விலகியது, கால் தண்ணீருக்குள் தானாக நீண்டது.

அலை மடங்கி விழுந்தது. அவ்வளவு நாள் அடைத்துக்கிடந்த இரைச்சல் மொத்தமாக எழுந்தபோது வள்ளங்களில் இருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

எத்தனையாவது அலையில் வந்தான் என்று யாரும் எண்ணவில்லை. போன அன்று இருந்தபடியே வந்தான். கடல் நின்றபோது அவனுக்கும் எல்லாம் நின்றுபோயிருந்தது, அதற்கு முந்தைய மூன்று நாள்கூட அவன் மேல் படவில்லை. உடம்பு ஊதவில்லை, மீன் தொடவில்லை, நகத்தில் எஞ்சின் கரிகூடப் போகவில்லை. தூங்குகிறான் என்றே பிலோமி ஒரு கணம் நினைத்தாள். அந்த ஒரு கணத்துக்காக அவள் பிறகு எவ்வளவோ அழுதாள். மூக்கில் கை வைத்துப் பார்த்தாள், கன்னத்தைத் தட்டினாள், குழி விழுகிற கன்னத்தைத்தான் தட்டினாள். அப்புறம் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடி விரிக்க முடியாமல் இத்தனை நாள் இருந்தவளுக்கு, இப்போது இரண்டு காலும் மடங்கவும் நீளவும் செய்தன.

சாயங்காலமே அடக்கம் பண்ணினார்கள், இனியும் வைத்திருக்கக்கூடிய உடம்பு இல்லையே. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியதும் பெற்றவள் முதலில் மண் போட வேண்டும் என்று சாமியார் கை காட்டினார். பிலோமி குனிந்து மண் அள்ளவில்லை. குழியின் மேல் வலது கையை நீட்டினாள். அத்தனை நாள் மூடியே கிடந்த விரல்கள் விரிய மறுத்தன. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். செபமாலை விழும், எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று ஊரே எட்டிப் பார்த்தது. கடல் மண் விழுந்தது. இன்னும் ஈரமாக இருந்தது.

பிடி மண்ணோடு ஒரு பொம்பளை நின்றால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? பெண்கள் வாயைப் பொத்தினார்கள். கஸ்பார் கேட்டுவிட்டார். "அப்போ ஜெபம் பண்ணலியா நீ?"

"இல்லண்ணே. தூத்தத்தான் எடுத்தேன். முடியாமப் போச்சு. இப்ப அவனுக்கே போட்டுட்டேன்."

 சலேத்தாள்தான் முன்னால் வந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள், பிறகு எல்லாரும் போட்டார்கள்.

திங்கட்கிழமை காற்று கூடுதலாக இருந்தது. இருந்தும் வள்ளங்கள் இறங்கின. வயிறு இருக்கிறதே, இறங்காமல் என்ன செய்ய? பெண்கள் பழையபடி கரையில் நின்றார்கள். பிலோமி வந்தபோது சிலர் விலகி நின்றார்கள், சலேத்தாள் விலகவில்லை. அவள் கண் முழுக்க டெனிஸ்டன் வள்ளத்தின் மேல் இருந்தது.

"கால் எப்பிடி இருக்குட்டி?"

"நடக்குது. தைக்கணும்னு டாக்டரம்மா சொன்னாவ. தைக்கலைன்னா திரும்ப மாட்டுமாம்."

டெனிஸ்டனின் வள்ளம் முதல் அலையில் மூக்கை உயர்த்திச் செங்குத்தாக ஏறியது, ஒரு மூச்சு நேரம் காணவில்லை, பிறகு அந்தப் பக்கம் தெரிந்தது. சலேத்தாள் பிலோமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"தைச்சிராதட்டி" என்றாள் மெதுவாக. "அப்பிடியே கெடக்கட்டும்."

பிலோமி தைக்கவில்லை. டாக்டரம்மா சொல்லியனுப்பியும் போகவில்லை, விந்தி விந்தியே நடக்கிறாள், மாடி ஏற முடியாது, குளிர் காலத்தில் வீங்கிக்கொள்ளும். காற்று முறுக்குகிற காலையில் வள்ளங்கள் வெளியே இருக்கும்போது, அவள் கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அலைவாய்க்குப் போய், முழங்காலிட்டு, உடம்பைத் திருப்பித் திருப்பி எழுந்து பார்ப்பாள், மாட்டுமா, ஒரு தடவை மாட்டுமா என்று. மாட்டுவதில்லை. அலை அவள் மடிவரை வந்து நனைத்துவிட்டுப் போகும். தூரத்தில் நின்று பார்க்கிறவர்கள் பிலோமி ஜெபம் பண்ணுகிறாள் என்பார்கள், இப்போது அவள் கை ரெண்டும் விரிந்துதான் இருக்கும்.